பதினான்கு மணி இருபது நிமிடம்

அலமாரியின் மேல் இருந்த பயணப் பெட்டியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் தெரிந்தது. அவன் எடுக்கவில்லை. எடுக்க அவன் எங்கே போனான்?

விடியற்காலையில் அக்காவிடம் சொன்னது வேறு. அம்மாவுக்கு இன்றைக்குத் தாண்டாது, உன் கையைப் பிடிச்சுக்கணும்னு கேட்டுட்டே இருக்காங்க என்று அக்கா அழுதபோது, "ஏறிட்டேன்க்கா, போனை அணைக்கச் சொல்றாங்க" என்றான், சோபாவில் சாய்ந்தபடி. பொய் பிடிபடாமல் இருக்க இணையத்தில் பார்த்தும் வைத்திருந்தான். இரு விமான நிலையங்களுக்கும் நடுவே பதினோராயிரத்து முந்நூறு கிலோமீட்டர். பதினான்கு மணி இருபது நிமிடப் பயணம். அதன் பிறகு கூப்பிட்டு, பாதியில் திருப்பிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சீ, நானும் ஒரு பிள்ளையா என்று தோன்றியது. தோன்றியும் எழுந்திருக்கவில்லை.

போன முறை போயிருந்தபோது அம்மாவின் படுக்கைப் புண் நாறியது. அவள் கையை நீட்டினாள். அவன் கைபேசியைத் தேடுகிறவன்போலத் தன் கையை இழுத்துக்கொண்டான். அவள் கவனித்துவிட்டாள். நீட்டிய கையால் போர்வையைச் சரிசெய்துகொண்டாள். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசியது.

மாடிவீட்டுக்காரருக்கு அக்காவின் கணவர், அத்தானைத் தெரியும் என்பதால், பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தான். அப்போதுதான் சுவருக்குள்ளிருந்து ஓயாத ஓர் இரைச்சல் எழுவதையும், மின்விசிறி நின்றிருந்தும் உச்சந்தலையில் மெல்லிய குளிர்காற்று படுவதையும், மேசைமேல் டம்ளரில் இருந்த தண்ணீர் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நிற்பதையும் கவனித்தான். காது அடைத்தது. இடுப்பில் இருக்கைப் பட்டை இறுக்கியது போல வலித்தது. பாஸ்போர்ட் வைத்த இழுப்பறையைத் திறந்தான். காலி. வாசலில் ஷூ இல்லை.

பதினான்கு மணி இருபது நிமிடம் கடந்தது. தரை ஒருமுறை குலுங்கியது. இரைச்சல் நின்றது.

மேலும் இரண்டு மணி நேரம் கழித்தே கூப்பிடத் துணிந்தான். "அக்கா, நான்தான். விமானத்தை..."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "யாருங்க நீங்க? தம்பி இங்கதான் இருக்கான். வந்ததுலேர்ந்து அம்மா கையை விடவே இல்ல. இப்பதான்... சிரிச்ச முகமா போனாங்க."

கைபேசி அங்கே கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு அவனுடைய சொந்தக் குரலே. அதே கரகரப்பு.

"காரியம் முடிஞ்சதும் கிளம்பறேன். பதினாலு மணி இருபது நிமிஷம். நீ கதவு திறக்க வேணாம். சாவி எங்கிட்டயே இருக்கு."

சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தான். சாவி இல்லை. ஓடிப்போய்க் கதவின் கைப்பிடியைத் திருகினான். இழுத்தான். மறுபடி இழுத்தான்.

வெளியே பூட்டியிருந்தது. ஊருக்குப் போகிறவன் வீட்டைப் பூட்டிக்கொண்டுதானே போவான்.