கூரைக்குப் போகாத குழாய்

காகிதம் உள்ளே போனது. அது சரிதான். காற்றுக்குழாய் என்றால் உள்ளே இழுக்கத்தான் வேண்டும். நிலவறைச் சுவரை உடைத்தபோது அகப்பட்ட பழைய இரும்புக் குழாயின் வாயில் டெல்மர் பிடித்த டாய்லெட் பேப்பர் துண்டு நேராக உள்ளே நீண்டு படபடத்தது. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த கணம் அதே காகிதம் தொய்ந்து, திரும்பி, அவன் முகத்துக்கு நேராக வெளியே வந்தது. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. அவசரமே இல்லாமல்.

"வெளிய காத்து அடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெரிய ஏரியின் கரையில் இருக்கும் டுலூத்தில் ஜனவரி மாதம் ஏரிக்காற்று அடிக்காத நாள் ஏது?

வெள்ளிக்கிழமை அவன் மனைவி ஆர்டிஸ் வீட்டுக்கு வருகிறாள். பனியில் கார் சறுக்கி முதுகெலும்பு முறிந்து, மூன்று மாதமாக மறுவாழ்வு மையத்தில் கிடக்கிறாள். இனி மாடிப்படி ஏற முடியாது. வீடு மலைச்சரிவில் இருப்பதால் நிலவறையின் பின்பக்கம் தரையோடு தரையாக ஒரு கதவு உண்டு. சக்கர நாற்காலி சுலபமாக உள்ளே வரும். அங்கே ஒரு குளியலறை இருந்தால் அவள் வீட்டுக்கு வரலாம். இல்லாவிட்டால் ஃபார்கோவில் ஒரு பராமரிப்பு விடுதி, போக நாலு மணி நேரம். மையத்துப் பெண்மணி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

சிமென்ட் தரையை வெட்டி வடிகால் போட்டாயிற்று. ஹீட்டரிலிருந்து சிவப்புக் குழாயில் சுடுதண்ணீரும் நீலக் குழாயில் பச்சைத்தண்ணீரும் இழுத்து வந்தாயிற்று. மிச்சம் காற்றுக்குழாய்தான். வடிகாலுக்கும் மூச்சு வேண்டும். கூரை வழியாக அதற்குக் காற்று கிடைக்காவிட்டால், இறங்கும் தண்ணீர், வடிகாலுக்கு அடியில் இருக்கும் குழாய் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே இருக்கிற ஒரே தடுப்பு அந்த ஒரு குவளைத் தண்ணீர்.

முறைப்படி செய்வதென்றால் இரண்டு மாடிச் சுவரைக் கிழித்து, உறைபனியில் கூரையில் ஓட்டை போட வேண்டும். அதனால்தான் பழைய குழாயைக் கண்டதும் அவனுக்குப் பாயசம் கிடைத்த மாதிரி இருந்தது. ஏணி வைத்துப் பார்த்தான். கூரையில் ஒரே ஒரு குழாய்தான் தெரிந்தது, அது சமையலறையினுடையது. இன்னொன்று பனிக்கு அடியில் இருக்கும் என்று முடிவுகட்டினான். அந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் கூரைக் குழாய்கள் உறைந்து அடைத்துக்கொள்வதும், கெட்டிலோடு ஏணி ஏறி வெந்நீர் ஊற்றுவதும் அங்கே சகஜம். மண்வெட்டியால் நாலு இடம் கிளறினான், கை விறைத்தது, இறங்கிவிட்டான். அடைபட்ட குழாய் எப்படிக் காகிதத்தை இழுக்கும்? அந்தக் கேள்வி மட்டும் மண்டையில் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இணைத்தான். புதன் காலையில் பார்த்தால் குளிக்கும் இடத்து வடிகாலின் வளைவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு குவளை ஊற்றினான். காபி குடித்துவிட்டு வந்தான். காலி. கசிவு எங்கும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது வளைவின் உட்புறம் யாரோ நக்கித் துடைத்ததுபோல் பளபளத்தது.

அப்புறம் அந்த வாடை. சாக்கடை நாற்றம் அவனுக்குப் பழக்கம்தான், அதில் ஒளிவுமறைவு கிடையாது. இது வேறு. பல நாள் பல் தேய்க்காத வாய், பல்லிடுக்கில் மாட்டி அழுகிய இறைச்சி, அதன்மேல் ஏதோ இனிப்பு. வெதுவெதுப்பாக வந்து அவன் மூக்கிலும் உதட்டிலும் ஒட்டிக்கொண்டது. வெளியே ஓடிப் பனியில் துப்பினான்.

மத்தியானம் ஆர்டிஸின் அக்கா லவோன் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டுச் சுட்ட கேசரோலோடு வந்தாள். பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏய் டெல், என்ன கருமம் இது? மானை உரிச்சு இங்கயே போட்டுட்டியா?"

"வடிகால்தான். புதுக் குழாய் இன்னும் பழகல."

"குழாய் பழகுமா? நாய்க்குட்டியா வளக்குற? ஒரு பிளம்பரக் கூப்பிட்டுத் தொலையேன்."

"கூப்பிட்டேன். மார்ச்லதான் வருவானாம்."

"என் தங்கச்சி இந்த நாத்தத்துலயா உக்காந்து குளிக்கணும்?" மூக்கைப் பொத்திக்கொண்டே பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். மூடியைத் திறந்த டெல்மர், மேலே மிதந்த கொழுப்பைப் பார்த்ததும் மூடிவிட்டான்.

வியாழக்கிழமை பழைய குழாயின் இணைப்பைக் கழற்றினான். உறை போட்ட கையை முழங்கை வரை விட்டான். ஓரடி மேலே போன குழாய் அப்படியே வளைந்து கீழே இறங்கியது. கூரைக்கு அல்ல. மலைக்குள்.

விரலில் ஏதோ சிக்கியது. இழுத்தான். முடி. கை நிறைய முடி, சாம்பல் நிறக் கோழையில் ஊறியது. அது வெளியே வந்தபோது பின்னால் எச்சில் இழையாக நீண்டது, அறுபடவே இல்லை. வடிகாலில் முடி இருக்கும். காற்றுக்குழாயில் எப்படி?

டார்ச் வெளிச்சத்தில் உட்சுவர் துரு நிறத்தில் இல்லை. இளஞ்சிவப்பு. ஈரம். ஈறுபோல. சுவருக்குப் பட்டி பூசும் கத்தியின் முனையால் மெதுவாகத் தொட்டான்.

சுருங்கியது.

பின்னால் விழுந்தான். அந்தக் குழாயை அறுத்தெறிந்து வாயை சிமென்ட்டால் அடைத்திருக்க வேண்டும். அடைத்தால் நாளைக்குக் குளியலறை இல்லை. ஆர்டிஸ் ஃபார்கோவுக்குப் போவாள். கோழை ஒட்டிய கையோடு அரை மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு இரண்டு புட்டி பிளீச்சை உள்ளே ஊற்றி, இணைப்பை மறுபடி பூட்டி, தன்னைத்தானே காறித் துப்ப வேண்டும்போல் இருக்க, அதன்மேல் பலகையும் அடித்தான்.

வெள்ளிக்கிழமை காலை வாடை இல்லை. வளைவில் தண்ணீர் அப்படியே நின்றது. டெல்மர் அழுதுவிட்டான்.

"நீயேவா கட்டின?" ஆர்டிஸ் சுவரில் பதித்த ஓடுகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். "ஒரு அலமாரி மாட்டச் சொன்னா ரெண்டு வருஷம் இழுப்ப."

இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி இல்லாததால் தண்ணீரின் சூட்டை அவனே கை வைத்துப் பார்த்தான். குளியல் பெஞ்சில் உட்கார வைத்தான்.

"இப்ப வெளிய போ, செல்லம். மூணு மாசமா யாராச்சும் பாத்துக்கிட்டே இருக்கத்தான் குளிச்சேன். இன்னைக்கு நான் மட்டும்."

கதவுக்கு வெளியே நின்றான். தண்ணீர் விழும் சத்தம். அவள் முணுமுணுக்கும் பாட்டு. எவ்வளவு நாளாயிற்று அதைக் கேட்டு.

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வடியும் சத்தம் இல்லை.

அப்புறம் ஒரு சத்தம். விழுங்கும் சத்தம்.

இடைவெளி. மறுபடி.

கதவோரச் சுவரில், குழாயின்மேல் அவன் அடித்த பலகை உப்பியது. தணிந்தது. அந்த வாடை.

கதவைத் திறந்தான்.

ஆர்டிஸ் தலை முழுக்கச் சோப்பு நுரையோடு, கண்ணை இறுக மூடி, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். வடிகால் மூடி ஓரமாகக் கிடந்தது. அவளுடைய வலது பாதம் இருக்க வேண்டிய இடத்தில், வடிகாலிலிருந்து இளஞ்சிவப்பாக, தடிப்பாக, ஈரமாக ஒரு உதடு எழுந்து அவள் முழங்காலைக் கவ்வியிருந்தது. நெகிழ்ந்தது. இறுகியது. பால் குடிக்கும் குழந்தையின் பொறுமையோடு ஒரு விரற்கடை மேலே ஏறியது.

"டெல், நீயா? கால்ல விழற தண்ணி ரொம்பச் சூடா இருக்கா என்ன? எனக்குத்தான் தெரியாதே" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "என் காலைக் கொஞ்சம் தொட்டுப் பாரேன்."