முகத்துவாரத்தில் கிழிந்த படகு

"என் ஊட்டுக்காரரைத் தண்ணி கொல்லல சார். நூர் அகமதுதான் கொன்னாரு."

நாற்காலியில் உட்காரும் முன்பே ஏஞ்சலின் சொல்லிவிட்டாள். கும்மிடிப்பூண்டி பஜாரில், மருந்துக்கடை மாடியில் இருந்தது துளசிராமனின் அலுவலகம். தொழிற்சாலை விபத்துகளைத் துருவிக் காரணம் சொல்வது அவர் தொழில். கூட வேலை பார்த்த ஷஹனாஸ், மனதில் தோன்றியதை அந்தக் கணமே கேட்டுவிடுகிறவள்.

"மெதுவா சொல்லுங்க" என்றார் துளசிராமன்.

இரும்பு ஆலையில் வெல்டராக இருந்த எட்வர்டும் பழவேற்காட்டு இறால் வியாபாரி நூர் அகமதுவும் பள்ளிக்கூடத்து நண்பர்கள். போன வருடம், 2006இல், இருவரும் பர்மா பஜாருக்குப் போய்க் காற்றடைத்து ஓட்டும் கயாக் படகு ஒன்றை வாங்கினார்கள். மடித்தால் தோள்பைக்குள் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காடு ஏரியில் துடுப்புப் போடுவதுதான் எட்வர்டுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. இரண்டு வாரங்களுக்கு முன் தனியாகப் போனவன், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மூழ்கிப் போனான். விபத்து என்று போலீஸ் முடித்துவிட்டது.

"அதுக்கு முந்தின வாரம் ரெண்டு பேருக்கும் சண்டை சார். 'இனிமே இதைத் தொட்டே, கீறிப் போட்டுடுவேன்'னு பாய் கத்தினாராம். கரையில இருந்தவங்க கேட்டிருக்காங்க. இப்ப அந்தப் படகு நீட்டுக்குக் கிழிஞ்சு கெடக்குது. வேற இன்னா வேணும்?"

"அன்னைக்குக் காலைல அவர் கிளம்பினதைப் பார்த்தீங்களா?"

"இல்ல. நான் காலைப் பூசைக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா ஆளைக் காணோம். பம்பு கூட இல்லாம போயிருக்காரு, பாவி மனுசன்."

துளசிராமன் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை.

கயாக் பழவேற்காடு காவல் நிலையத்தின் பின்கட்டில் கிடந்தது. இடப்பக்கக் காற்றறை முழுவதும் கிழிந்திருந்தது. வலப்பக்க அறையும் அடித்தளமும் இன்னும் காற்றோடு இருந்தன. ஷஹனாஸ் ஓடிப்போய்க் கிழிசலைத் தடவினாள்.

"பிளேடுதான் சார்! எவ்ளோ நேரா இருக்குது பாருங்க."

"நேரா இருக்கறது தயாரிக்கும்போது ரெண்டு துணியைச் சேர்த்து ஒட்டின இடம். அதை ஒட்டியே போயிருக்கு. ஓரத்துல நூல் எல்லாம் பிய்ஞ்சு வெளிப்பக்கம் நிக்குது. பிளேடு பட்டா துணி இப்படிப் பிரியாது." அவர் வலப்பக்க அறையைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போகவே இல்லை. "கொஞ்சம் அமுங்கணும். இது லாரி டயர் மாதிரி இருக்கு."

காற்று நுழையும் வாயில் ஒரு துண்டு சைக்கிள் டியூப் இறுக்கமாகச் செருகியிருந்தது. லைஃப் ஜாக்கெட் இருக்கையின் பின்னால், முதுகுக்கு அண்டைகொடுக்கிற மாதிரி கட்டப்பட்டிருந்தது. எட்வர்ட் அதை மாட்டிக்கொள்ளவே இல்லை.

நூர் அகமது தன் இறால் கொட்டகையில் இருந்தார். தாடியை மழிக்காமல், கண் சிவந்து, பத்து வயது கூடினவர் போலத் தெரிந்தார்.

"கீறிடுவேன்னு சொன்னது நெசந்தான் சார். அந்த ஜாக்கெட்டை மாட்டவே மாட்டேன்னான். வெயில்ல கசகசங்குதாம். ஜாக்கெட் இல்லாம இனிமே போட்டைத் தொட்டே, கீறிப் போட்டுடுவேன்னு கத்தினேன். பாதி பேச்சுதான் சனங்க காதுல வுழுந்திருக்குது. ஒரு அறை போனாலும் மத்தது தாங்கட்டும்னு மூணு அறை இருக்கறதா பொறுக்கி எடுத்தவனே நான்தான்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கோவத்துல அந்த வாரம் அவன்கூடப் போகல. போயிருந்தா மாட்ட வெச்சிருப்பேன்."

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் தணிகாசலத்தின் பஞ்சர் கடை இருந்தது. கம்ப்ரஸர் குழாயின் முனையைப் பார்த்ததுமே துளசிராமன் நின்றுவிட்டார். கேட்டதற்குத் தணிகாசலம் ஒளிக்காமல் சொன்னான்.

"ஆமா சார், நான்தான் அடிச்சுக் குடுத்தேன். முனை சேரல, டியூப் துண்டு வெச்சேன். 'கல்லு மாதிரி இருந்தாத்தான் வேகமா போவும்'னாரு. ரெண்டு பேரும் சிரிச்சுக்கினே தூக்கிக்கினு போய்க் கரையில வெச்சோம்."

மறுநாள் மாலை ஏஞ்சலின் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். நூர் அகமது வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

"யாரும் கீறல" என்று தொடங்கினார் துளசிராமன். "எட்வர்ட் கம்ப்ரஸர்ல காத்தை அளவுக்கு மீறி அடைச்சிருக்கார். முகத்துவாரத்து மணல் திட்டுல படகை ஏத்தி வெச்சுட்டுச் சாப்பிட்டிருக்கார். டிபன் பாக்ஸ் அங்கதான் கெடைச்சுது. மே மாச வெயில்ல உள்ள இருந்த காத்து விரிஞ்சு ஒட்டு விட்டுக்கொடுத்திருக்கு. திரும்ப எறங்கினதும் ஒரு பக்கம் வெடிச்சுப் படகு கவுந்திருக்கு. மத்த ரெண்டு அறையும் மிதந்துச்சு. ஆனா நீரோட்டம் அவரைப் பிரிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. உடம்புல ஜாக்கெட் இல்ல."

ஏஞ்சலின் வாசலில் நின்றவரை முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஆனா சார்," என்று குறுக்கிட்டாள் ஷஹனாஸ், "எப்பவும் கால் பம்புலதானே அடிப்பாங்க? அன்னைக்கு மட்டும் எதுக்குப் பஞ்சர் கடைக்குப் போகணும்? அந்தப் பம்பு எங்க?"

துளசிராமன் கையை உயர்த்துவதற்குள் கேள்வி விழுந்துவிட்டது.

ஏஞ்சலின் எழுந்து சமையலறைக்குப் போனாள். அரிசி டிரம்மின் மூடி திறக்கும் ஓசை கேட்டது. கால் பம்பை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அதிலிருந்து அரிசி உதிர்ந்துகொண்டே வந்தது.

"இது இல்லன்னா ஊட்டுலயே இருப்பாருன்னு நெனைச்சேன்" என்றாள். "ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை எங்கூட இருக்கட்டும்னுதான்."

ஷஹனாஸுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நூர் அகமது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவள் கையிலிருந்து பம்பை மெல்ல வாங்கித் தரையில் வைத்தார்.

"ஒக்காரும்மா" என்றார். "நானும் அவனைத் தடுக்கத்தான் பார்த்தேன்."

துளசிராமனும் ஷஹனாஸும் தெருவில் இறங்கினார்கள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"பூசைக்குப் போனவங்களுக்குப் பம்பு இல்லாம போனார்னு எப்படித் தெரியும்? கண்ணுல படற இடத்துல இருந்திருந்தா அவர் எடுத்துட்டுப் போயிருப்பார். அதை ஒளிச்சு வெச்சவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். முதல் நாளே புரிஞ்சுது. கேக்க வேணாம்னு விட்டுட்டேன்."

"நான் வாயை மூடியிருந்திருக்கலாம்" என்றாள் ஷஹனாஸ்.

துளசிராமன் நடையைத் தளர்த்தினார்.

"ஜாக்கெட்டைப் பத்தியும் கம்ப்ரஸரைப் பத்தியும் நான் சொன்னப்பவே அவங்க கண்ணு சமையலறைப் பக்கம் போச்சு. என்னைக்காவது தனியா உக்காந்து கண்டுபிடிச்சிருப்பாங்க. இன்னைக்குப் பக்கத்துல ஒரு ஆள் இருக்கார்."

ஷஹனாஸ் திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியே இருவரும் தெரிந்தார்கள். ஏஞ்சலின் அழுதுகொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நூர் அகமது மறுப்பது போல மீண்டும் மீண்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.