ஆறாம் கட்டிலின் பதில்

டாக்டரம்மா அந்தப் பழைய ஆஸ்பத்திரியின் இதய வார்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று, மத்தியானமே இருட்டிவிட்டது. விடாத மழை. சாத்திய ஜன்னல்களுக்குள் ஈரச் சுண்ணாம்பும் பினாயிலும் கலந்த வாடை.

"கேள்வி கேக்கும்போது நோயாளி வாயைப் பாத்துக் கேளுங்க," என்றார் மூத்த சிஸ்டர்.

"ஏன், நான் பல் டாக்டரா?"

சிஸ்டர் சிரிக்கவில்லை.

நெஞ்சைப் பிடித்தபடி ஒரு லாரி டிரைவர் வந்தார், கூடவே மனைவி. ஆறாம் கட்டில்தான் காலி. ஈசிஜியில் சந்தேகமே இல்லை, மாரடைப்பு. குழாய் விட்டு அடைப்பெடுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் வெள்ளம். டாக்டரம்மா ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசிக்குழலில் நிரப்பி வைத்துக்கொண்டாள். அந்த மருந்துக்கு இதயம், மூளை என்ற பாகுபாடு கிடையாது. தலைக்குள் ஆறாத காயம் இருந்தால் அதையும் திறந்துவிடும். அதனால் கேள்விகள் முதலில்.

"பக்கவாதம் வந்திருக்கா?" தலையாட்டி மறுத்தார்.

"சமீபத்துல ஆபரேஷன்?" அதற்கும் மறுப்பு.

"தலையில அடி?"

"இல்ல."

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அவர் உதடு அசையவே இல்லை.

"இது அவர் குரல் இல்லீங்க," என்று மனைவி முணுமுணுத்தாள்.

சிஸ்டர் சுவரோடு ஒட்டி நின்றார். "போன வருஷம் இதே கட்டில்ல ஒருத்தர் அடிபட்டதை மறைச்சிட்டார். மருந்து ஏறுச்சு. மூளையில ரத்தம் கசிஞ்சு போயிட்டார்."

டாக்டரம்மா மனைவியிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா."

"போன வாரம் லாரி மேலேர்ந்து விழுந்து மயங்கிட்டார். தெரிஞ்சா வண்டி தர மாட்டாங்கன்னு என் வாயை அடைச்சிட்டார்."

டாக்டரம்மா டிரைவரின் முடிக்குள் விரல் விட்டாள். பின்மண்டையில் வீக்கம்.

"போடு. நேரம் போகுது."

அவள் காதோரம் அதே குரல். பழைய ரத்தத்தின் வாடை.

அது சொன்னது உண்மை. நிமிஷத்துக்கு நிமிஷம் இதயம் செத்துக்கொண்டுதான் இருந்தது.

ஊசியின் மேல் இருந்த அவள் கட்டைவிரலை இன்னொரு விரல் அழுத்தியது.

ஐஸ் மாதிரி.

கையை வெடுக்கென்று உதறி, மருந்து முழுவதையும் கழிவுத் தொட்டியில் பீய்ச்சினாள். "துணைக்கு ஆள் பிடிக்கணும்னா வேற இடம் பாரு. என் கையால நடக்காது. சிஸ்டர், ஆம்புலன்ஸ்! வெள்ளமோ என்னமோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போறேன்."

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார்கள். அங்கே அடைப்பை எடுத்தார்கள். டிரைவர் பிழைத்தார்.

மாலையில் வார்டுக்குத் திரும்பியவளிடம் சிஸ்டர் டீயை நீட்டினார். "பயந்துட்டீங்களா?"

"இல்ல."

கோப்பை அவள் வாயில் இருந்தது. சிஸ்டரின் கண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நிலைகுத்தின.

டாக்டரம்மா நிதானமாக விழுங்கினாள். திரும்பினாள்.

"என் பதிலை நானே சொல்லிக்கிறேன்."

காலியான ஆறாம் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய மாஸ்க்கின் உட்புறத்தில், மூச்சின் ஆவி மெல்லப் படிந்தது.