இடது கைப் பாரம்

காலையில் எழுந்தபோது ஞானகுமாரியின் இடது கை மரத்துப்போயிருந்தது. ஜாக்கெட் கையும் நனைந்திருந்தது. மழையில்லை, கூரையும் ஒழுகவில்லை. மகள் தெரசா அந்தப் பக்கம் படுக்கவே இல்லை, சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த நாளாய் இப்படித்தான்.

ஞானகுமாரி வேலை பார்த்தது டாக்டர் ஜெயபாலின் கிளினிக்கில். வியாதியின் பெயரோடு, நோயாளி வாயால் சொன்னதையும் அப்படியே அட்டையில் எழுதவேண்டும் என்பார் அவர். அட்டை ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரு குடும்பம் காலிசெய்தால் அடுத்து வருகிறவர்கள் கதை அதிலேயே தொடரும். சிக்கனமான மனுஷர்.

“கைக்கு ஒரு ஊசி போட்டுடலாம். உன் வீட்டு அட்டைய எடும்மா.”

எடுத்தாள். அவளுக்கு முன்பு கிளினிக்கில் வேலை பார்த்த யாருடைய கையெழுத்தோ.

அறுபத்தெட்டாம் வருஷம் அந்த வீட்டில் இருந்த தாயம்மா சொன்னது: “ராவானா ஆரோ என் கைமேல தலைய வெச்சி படுத்துகினு கீறாங்க. ஈரத் தலை. புள்ளன்னு நெனச்சேன். புள்ள அந்தாண்ட கீது.” கீழே டாக்டர்: நரம்புத் தளர்ச்சி, டானிக்.

பிறகு குடிவந்த பார்வதம்: “மொதல்ல பயந்தேன். இப்ப நானே கைய நீட்டி வெச்சிடறேன்.” நரம்புத் தளர்ச்சி, டானிக்.

இருவருடைய கடைசி வார்த்தையும் ஒன்றுதான். “எனுக்கு சரியா பூடுச்சி. புள்ளைக்குத்தான் ஊசி குத்தினாலும் தெரில.”

எழுதச் சொன்னவர் ஒருநாளும் படித்ததில்லை போலிருக்கிறது. ஞானகுமாரி அந்த வரியில் விரலை வைத்தாள். அட்டையை நீட்டினாள்.

“ஒரே வீட்டு ஈரம்மா, எல்லாரையும் ஒரே மாதிரிதான் படுத்தும்” என்று டாக்டர் சிரித்தார்.

நாளைக்கே தெரசாவைக் காட்டுப்பாக்கத்து அக்கா வீட்டில் விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் துணியை மூட்டை கட்டி வைத்தாள். புருஷன் பிரகாசத்துக்கு நைட் ஷிப்ட். மகளை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கிக் கசக்கி உட்கார்ந்திருந்தாள். எப்போது சாய்ந்தாளோ.

விடிந்திருந்தது.

கை லேசாக இருந்தது. ஜாக்கெட் காய்ந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மூட்டையைப் பார்த்தாள். எதற்குக் கட்டினோம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. பயம் இல்லை. ஒன்றுமே இல்லை.

திரும்பினாள்.

தெரசா தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கை பாயில் நீட்டிக் கிடந்தது. முழங்கைக்கு மேலே சதை பள்ளமாக அமுங்கியிருந்தது. ஈரம். அவளுடைய வலது கை, அந்தப் பள்ளத்துக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தை மெல்லத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தது.