மூடிய கிணற்றுக்கு ஒரு சின்னம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிங்கசாமி கணினியில் வேலம்பாளையத்தின் வரைபடத்தைத் திறந்தபோது, அவன் குடியிருந்த வாடகை வீட்டின் மேலேயே ஒரு மூடிய கிணறு இருந்தது. அவன் அதை வைக்கவில்லை.

வாரத்தில் ஆறு நாளும் பனியன் கம்பெனியில் லேபிள் வரைந்து கண் பூத்துப்போனவனுக்கு ஏழாவது நாளும் இதே பிழைப்புத்தான். யாரும் கேட்கவில்லை; இணையத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டிருந்த அந்த வரைபடத்தில் தன் ஊர் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறதே என்ற ஆதங்கத்தில் அவனே தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டது. மென்பொருளோடு வந்த இடவகைப் பட்டியலில் பனிச்சறுக்கு மைதானம்கூட இருந்தது, சாயப்பட்டறை இல்லை. ஆகவே வேண்டிய வகைகளைத் தானே எழுதிச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் குட்டிப் படம் வரைந்தான். திறந்த கிணற்றுக்கு நீல வளையம். மூடியதற்கு அதே வளையத்தின்மேல் கறுப்பு மூடி.

வீட்டின் மேலிருந்த புள்ளியை அழித்தான். பக்கம் புதிதாக ஏறியதும் திரும்ப வந்து நின்றது. மூன்று தடவை அழித்தான், மூன்று தடவையும் வந்தது. மனைவி விஜயகுமாரி ஓவர்டைமுக்குப் போயிருந்தாள். எட்டு மாதக் குழந்தை கவிப்பிரியா உள்அறைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்துவிட்டால் அழுவாளே என்று மெல்லிய குரலில் ஆத்தப்பனுக்குப் போன் போட்டான். தண்ணீர் லாரி ஓட்டும் ஆத்தப்பன்தான் அவனுக்குக் கிணறுகளின் இடம் சொல்லித் தருபவர்.

"ஏனுங்கண்ணா, எங்க ஊட்டு மேல கிணறு இருக்குதுன்னு நீங்க யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்லீங்க தம்பி. ஊடு குடியிருக்கற எடமாச்சேன்னு சொல்லாம உட்டுட்டனுங்க." லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "அங்க கிணறு இருந்துச்சுங்க. பனியன் துணி வெட்டி மிஞ்சுன கட்டிங் வேஸ்ட்டக் கொட்டித்தான் மூடுனாங்க. நாந்தான் லோடு அடிச்சேன். எத்தன கொட்டியும் நெறயவே இல்லீங்க. கடைசீல மேலாப்புல காங்கிரீட்டப் போட்டு ஊட்டக் கட்டிப்போட்டாங்க."

லிங்கசாமிக்குப் பயமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. சனியனைத் தொலைத்துத் தலைமுழுகினால் போதும் என்று, மூடிய கிணறு என்ற வகையையே பட்டியலிலிருந்து நீக்கினான். மூடிப் படத்தையும் அழித்தான். சேமித்தான்.

வரைபடம் மெதுவாகத் தன்னைத் திரும்ப வரைந்துகொண்டது. ஊர் முழுக்க மூடிகள் போய்விட்டன. புள்ளிகள் போகவில்லை. மூடியதற்கென்று தனி வகை இல்லாததால் அத்தனையும் இப்போது வெறும் நீல வளையங்கள், திறந்த கிணறுகள். அவன் வீட்டின் மேலும் ஒன்று.

முதலில் வாடைதான் வந்தது, வருஷக்கணக்காக ஈரத்தில் ஊறி மக்கிய துணியும் சாயமும் கலந்த வாடை, உள்அறைக் கதவின் அடியிலிருந்து குளிர்ச்சியாக அவன் கால்விரல்களில் ஏறியது. பிறகு தூளியின் ஸ்பிரிங் சத்தம். ஆட்ட யாருமில்லை. மூடிய கிணறு வகைக்கு நீக்கிய வரிகளைத் திரும்ப எழுதப் பார்த்தான். எழுத்துப் பிழை. மறுபடியும் பிழை.

சத்தம் நின்றது.

"கண்ணு," என்றான். ஓடினான். கதவைத் தள்ளினான்.

விரிசல் இல்லாத சிமெண்டுத் தரை. விட்டத்துக் கொக்கியிலிருந்து தூளிச் சேலை நேராக இறங்கி, அந்தத் தரைக்குள் போயிருந்தது. விறைப்பாக. இரண்டு கையாலும் பற்றி இழுத்தான்.

கீழிருந்து, ஆட்டித் தூங்க வைப்பவர்களின் நிதானத்தோடு, யாரோ இழுத்தார்கள். வெகு ஆழத்தில் பிள்ளை சிரித்தது.