தொட்டிலோடு சேர்ந்தது

பழம்பொருள் காப்பகத்தின் பின்பக்கக் கிடங்கறைக்குள் அவள் நுழைந்தபோது பகல் பதினொரு மணி. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய்க்கதை தொடங்குவதற்கு ஏற்ற நேரம் இல்லைதான். ஆனால் என்ன செய்வது, நடந்தது அப்போதுதான்.

அங்கே அவளை எல்லோரும் பட்டியல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பகத்துக்கு ஒரு பொருள் வந்தால் அதற்கு எண் கொடுத்து, அளந்து, அதன் நிலையை எழுதிப் பதிவேட்டில் ஏற்றுவது அவள் வேலை. அந்த வேலையில் அவளை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பிரசவ வார்டில் படுத்திருந்தபோதுகூட, தலையணை உறையில் இருந்த கிழிசல் தான் வருவதற்கு முன்பே இருந்தது என்று நர்சிடம் எழுதி வாங்கிக்கொண்டவள் என்று கணவன் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

விடுப்பு முடிந்து வேலைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எட்டு மாதக் குழந்தை வீட்டில். கணவன் வெளியூரில். மாடியில் இருந்த அவள் வீட்டிலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கீழ்வீட்டு அக்கா ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனால் அன்றைக்கு மட்டும் ஒரு நிபந்தனை.

"அஞ்சு மணி பஸ்ஸுல நான் பொண்ணு வீட்டுக்குப் போகணும். நாலரைக்குள்ள வந்துடு தாயே. அப்புறம் என்னைக் குறை சொல்லாதே" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள் அக்கா.

காப்பாளரோ தன் பங்குக்கு அவசரப்படுத்தினார். "நாளைக்குக் காலையில ஆய்வுக்கு வராங்கம்மா. அந்தப் பெரிய வீட்டுச் சாமானை மட்டும் இன்னிக்கே பதிவேட்டுல ஏத்திடு."

"மூணு மணிக்குள்ள முடிச்சிட்டுக் கிளம்பிடுவேன் சார்."

"தாராளமா கிளம்பு. யாரு வேணாம்னா?" என்று சொல்லிவிட்டு அவர் முதல் ஆளாகக் கிளம்பிப் போய்விட்டார்.

பெரிய வீடு என்பது ஒரு பழைய குடும்பத்தின் வீடு. இடிப்பதற்கு முன் வாரிசுகள் சாமான்களை எல்லாம் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பீங்கான் ஜாடிகள், விளக்குகள், மரப்பெட்டிகள், சீப்பு, கண்ணாடி, கடிதக் கட்டுகள். அவற்றோடு ஒரு தடித்த நோட்டும் வந்திருந்தது. அந்த வீட்டு எஜமானி நூறு வருஷத்துக்கு முன் தன் கையால் எழுதிய சாமான் பட்டியல் அது. மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு எண்கள். அச்சில் வார்த்தது போன்ற கையெழுத்து. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பொருளின் நிலை. இப்படி ஒரு பெண்பிள்ளை நம்மோடு வேலை பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பட்டியல்காரிக்கே அவள்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

நோட்டில் ஒரு வரி படிப்பாள். பொருளைக் கண்ணால் பார்ப்பாள், கையால் தொடுவாள். பிறகுதான் காப்பகப் பதிவேட்டில் 'வந்து சேர்ந்தது' என்ற கட்டத்தில் டிக் போடுவாள். பார்க்காமல் தொடாமல் டிக் கூடாது. டிக் போட்டால் அந்தப் பொருள் காப்பகத்துக்குச் சொந்தம், அதன்பின் வெளியேற்றச் சீட்டு இல்லாமல் அது வாசலைத் தாண்ட முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதும் அவள்தான்.

எண்பத்தேழு வரை எல்லாம் தடங்கல் இல்லாமல் போயிற்று. எண்பத்தேழு, தொட்டில் ஒன்று. தேக்கு. நான்கு சங்கிலிகளோடு ஒரு சட்டத்தில் தொங்கியது. தொட்டாள், டிக் போட்டாள்.

எண்பத்தெட்டில் ஒரு சிக்கல். அந்த வரியின் மேல் யாரோ பசை தடவி ஒரு துண்டுத் தாளை ஒட்டியிருந்தார்கள். தாளுக்கு வெளியே வரியின் வால் மட்டும் தெரிந்தது.

'தொட்டிலோடு சேர்ந்தது. நல்ல நிலை.'

பழைய ஒட்டைப் பிரிக்க வேண்டுமானால் காப்பாளரிடம் கேட்டு, ஈரம் காட்டி, இரண்டு நாள் காத்திருந்து பிரிக்க வேண்டும். மணி ஒன்றே முக்கால். குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டதால் மார்பு கல்லாகக் கனத்து வலித்தது. தொட்டிலோடு சேர்ந்தது என்றால் என்னவாக இருக்கும்? மெத்தையோ, சங்கிலி மாட்டும் கொக்கியோ, ஏதோ ஒன்று. அதுதான் தொட்டிலோடு இருக்கிறதே.

பார்க்கவில்லை. தொடவில்லை. டிக் போட்டாள்.

பதினைந்து வருஷ வேலையில் முதல் தடவை. மனசு சுருக்கென்றது, ஆனால் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டாள். இரண்டே முக்காலுக்கு நூற்று நாற்பத்திரண்டும் முடிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்குப் போனாள்.

கதவு திறக்கவில்லை.

கரையான் அரிக்காமல் இருக்கத் தகரம் அடித்த கனமான மரக்கதவு அது, தானாகச் சாத்திக்கொள்ளும். உள்பக்கமாக இழுத்துத்தான் திறக்க வேண்டும். கைப்பிடி எப்போதும்போல் சுழன்றது. பூட்டும் விட்டுக்கொடுத்தது. இழுத்தால் ஒரு விரல் அளவு வந்து, திரும்பவும் சாத்திக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தாள். வெளியிலிருந்து யாரும் பிடிக்கவில்லை. உள்ளே, அவளுடைய பக்கத்திலேயே, முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை ஏதோ ஒன்று கதவின்மேல் சாய்ந்து நிற்பது போல இருந்தது.

அங்கே எதுவும் இல்லை.

செல்போனில் சிக்னல் கிடையாது. அந்தச் சுவர்களுக்குள் என்றைக்குமே இருந்ததில்லை. கதவைத் தட்டினாள். உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். நெடுநேரம் கழித்து வாட்ச்மேன் வந்தார்.

"யாரும்மா உள்ள?"

"நான்தான் அண்ணே. கதவு திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் தள்ளுங்க."

அவர் தள்ளினார். கதவு விரல் அளவு வந்து நின்றது.

"என்னத்தையோ முட்டுக் கொடுத்து வச்சிருக்கீங்களேம்மா."

"ஒண்ணுமே வைக்கலைண்ணே."

வெளியே அவர் குனிந்து பார்ப்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு. பிறகு, தணிந்த குரலில் கேட்டார்.

"உங்ககூட யாரும்மா இருக்கறது?"

"யாரும் இல்லையே."

"கால் தெரியுதும்மா. சின்னக் காலு. ரெண்டு."

அவள் தன் காலைப் பார்த்தாள். செருப்பு போட்ட காலோடு அவள் கதவிலிருந்து இரண்டடி தள்ளி நின்றிருந்தாள்.

"நான் போய் ஆசாரியைக் கூட்டிட்டு வரேன்" என்று சொன்னவர், நடக்கவில்லை, ஓடினார்.

அறையில் புளித்த பாலின் வாடை அடித்தது. முதலில் தன் ரவிக்கைதான் நனைந்துவிட்டது என்று நினைத்தாள். அது நனைந்துதான் இருந்தது. ஆனால் இந்த வாடை பழையது, பல நாள் கழுவாத துணியில் வருவது. குழல்விளக்கு இரண்டு முறை துடித்து மங்கியது. பின்னால் சங்கிலி கிறீச்சிட்டது.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

ஓடிப் போய் ஒளிய அங்கே இடமில்லை. மேசைவரை போய் நின்றாள். நோட்டு திறந்தபடி இருந்தது. ஒட்டியிருந்த துண்டுத் தாள் தானே கழன்று பக்கத்தில் கிடந்தது. அதே அழகான கையெழுத்து.

'88. பெண் ஒன்று. வயது ஒன்பது. தொட்டில் ஆட்ட. சொந்த ஊர் தெரியாது. தொட்டிலோடு சேர்ந்தது. நல்ல நிலை.'

ஓரத்தில் இன்னும் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு.

'ஓடப் பார்க்கிறது. பெட்டியறையில் வைத்துப் பூட்டவும்.'

இந்தக் கையெழுத்தையா மெச்சினோம் என்று பட்டியல்காரிக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. ஒன்பது வயசுக் குழந்தையை ஜாடிக்கும் விளக்குக்கும் நடுவில் எழுதி, நிலையும் குறித்திருக்கிறாள் பாவி. நூறு வருஷம் கழித்து அந்தக் குழந்தையைத் திரும்பவும் பதிவேட்டில் ஏற்றி டிக் போட்டது யார்?

கதவருகிலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"இனிமே இங்கதானாம்மா?"

அவளால் திரும்ப முடியவில்லை.

"தெரியாம எழுதிட்டேன் கண்ணு" என்றாள், மேசையைப் பார்த்தபடியே. "என் குழந்தை வீட்டுல காத்துக்கிட்டிருக்கு. வழி விடு."

தொட்டில் மட்டும் ஆடியது. மணி மூன்றே முக்கால். ஆசாரியும் வரவில்லை, வாட்ச்மேனும் வரவில்லை.

அந்த டிக்கை அடித்து நீக்கிவிட்டால் என்ன என்று பேனாவை எடுத்தாள். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது சட்டம். சட்டமாவது மண்ணாவது என்று கோடு கிழித்தாள். மை வழுக்கிக்கொண்டு போனது. தாளில் ஒரு சொட்டுக்கூட ஒட்டவில்லை.

அப்போதுதான் வெளியேற்றச் சீட்டுப் புத்தகம் கண்ணில் பட்டது. சீட்டு இல்லாமல்தானே போக முடியாது? சீட்டைக் கொடுத்துவிட்டால்? எழுதத் தொடங்கினாள். எண், 88. பொருள் என்ற இடத்தில் பேனா நின்றது. பொருள் என்ற சொல்லை அடித்துவிட்டு, 'பெண் குழந்தை' என்று எழுதினாள். இந்தத் தடவை மை ஒட்டியது. காரணம் என்ற இடத்தில் 'விடுதலை' என்று எழுதியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கீழே ஒரு வரி பாக்கி. பெறுபவர் முகவரி.

"உன் வீடு எங்கம்மா?"

"தெரியலை."

"அம்மா அப்பா?"

"தெரியலை."

அந்த வரியை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டு, கதவை இழுத்துப் பார்த்தாள். விரல் அளவு. அவ்வளவுதான். ஏதாவது ஒரு அநாதை இல்லத்தின் முகவரியை எழுதலாம். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மணி நாலு பத்து. அக்கா இப்போது பையை எடுத்து வாசலில் வைத்திருப்பாள். குழந்தை பசித்து அழும். வாயைக் கோணிக்கொண்டு, விரலைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழும். அதை நினைத்ததும் மார்பிலிருந்து பால் தானாக வழிந்தது.

இந்த நிலையில் ஒரு தாய்க்கு எந்த முகவரி நினைவுக்கு வரும்?

வெறும் தாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன் வீட்டு முகவரியை எழுதினாள்.

கதவு திறந்துகொண்டது.

இடுப்பை உரசிக்கொண்டு ஈரத்தலை ஒன்று முந்திப் போனதுபோல் சில்லென்றது. மேசையில் சீட்டைக் காணவில்லை. அதைத் தேடிக்கொண்டிருக்க அவளுக்கு ஏது நேரம்? எதிரே வந்த வாட்ச்மேனையும் ஆசாரியையும் இடித்துக்கொண்டு ஓடினாள். சாலையில் வெயில் பளீரென்று அடித்தது. அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கிடைத்த ஆட்டோவில் ஏறினாள். சிக்னலில் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் உயிர் போய்ப் போய் வந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது மணி நாலே முக்கால். பையும் கையுமாகப் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள் அக்கா. அவள் முகத்தில் துளிக் கோபம் இல்லை.

"ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடி வரே? அதான் ஆள் அனுப்பிட்டியே!"

"யாரை அனுப்பினேன்?"

"அந்தப் பொண்ணைத்தான். ஒல்லியா, ஈரத்தலையோட. இப்பதான் வந்துச்சு. நான் யார்னே தெரியாம விட்டுடுவேனா? சீட்டு காட்டுச்சு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" அக்கா சிரித்தாள். "கெட்டிக்காரிடி. வந்ததும் தொட்டிலைப் பிடிச்சுது. அழுதுக்கிட்டிருந்த புள்ளை சட்டுனு அடங்கிடுச்சு. சரி, பஸ் போயிடும், நான் வரேன்."

பட்டியல்காரி படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

வெளியிலிருந்து சாவியால் திறக்க முடியாத தாழ்ப்பாள் அது. குழந்தைக்கு எட்டாது, எட்டு மாதக் குழந்தைக்கு எப்படி எட்டும்? காதைக் கதவில் வைத்தாள். தொட்டில் கொக்கி ஒரே சீராகக் கிறீச்சிட்டது. குழந்தை சிரித்தது. அம்மாவிடம் சிரிக்கும் அதே சிரிப்பு.

"கதவைத் திற கண்ணு" என்றாள். "உனக்கு என்ன வேணும்னாலும் தரேன். திற."

தொட்டில் நின்றது. சின்னக் கால்கள் நடந்து வரும் சத்தம் கேட்டது. கதவின் அடியிலிருந்து ஒரு தாள் மெல்ல வெளியே வந்தது. எழுதப் பழகாத கை, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது.

'1. பாப்பா ஒன்று. எட்டு மாசம். நல்ல நிலை.'

அதற்குப் பக்கத்தில் ஒரு டிக்.

'2. அம்மா ஒன்று.'

அதற்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. கதவு தானே திறந்துகொண்டது. கூடத்தில் யாரும் இல்லை. தொட்டிலில் குழந்தை அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. உள்ளே போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

போனாள். குழந்தையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, தாளில் பேனா ஒருமுறை மட்டும் கீறும் சத்தம் கேட்டது.