சனிக்கிழமை வராத பேய்

"அக்கா, அந்த வீட்டுல யாரோ மூச்சு விடுறாங்க" என்றாள் திவ்யதர்ஷினி.

மலாக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் தரவுகளைச் சரிபார்க்கும் அதிகாரி கனகாம்பிகை. மடிக்கணினியை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார்.

லூபோக் சீனா என்ற ஊருக்கு அப்பால், மூடிய ரப்பர்த் தோட்டத்தில் ஆளில்லாமல் கிடந்த தொழிலாளர் லயத்து வீடு அது. அதன் காற்றை, சமூகவியல் படித்த திவ்யதர்ஷினியும் பொறியியல் துறைப் புவனேஷும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி இணையம் வழியாகக் கோட்டுப்படம் அனுப்பியது. ஆள் மூச்சு விட்டால் கோடு ஏறும். பூட்டிய வீட்டில் அது படுத்தே கிடக்க வேண்டும். ஆறு வாரமாக எழுந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு நிதிக் குழு கூடுது. பொய்த் தரவுன்னு அதுல ஒருத்தர் எழுதிட்டாரு. இளம் ஆய்வாளர் நிதி போச்சுன்னா என் காண்ட்ராக்ட்டும் போச்சு, அக்கா" என்றாள் திவ்யதர்ஷினி.

உதவியாளர் மோகனா எட்டிப் பார்த்தாள். "எட்டு மணிக்கு வருது, ஒரு மணிக்குச் சாப்பிடப் போவுது, அஞ்சுக்குக் கெளம்பிடுது. சனி, ஞாயிறு லீவு. பேய் கவர்மெண்ட் வேலை பாக்குது லா!"

கனகாம்பிகை சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை?"

"பன்னண்டே காலுக்கு எறங்குது. ரெண்டே முக்காலுக்குத்தான் ஏறுது."

"கருவிய மாட்டினது யாரு?"

"புவனேஷ் அண்ணன். சாவியும் அவர்கிட்டதான்" என்றாள் திவ்யதர்ஷினி.

மதியம் மூவரும் காரில் போனார்கள். லாலாங் புல் இடுப்பளவு நின்றது. பூட்டின் துவாரத்தைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. மண் காய்ந்து வெளுத்திருந்தது. மோகனா கதவில் காதை வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள்.

"ஒண்ணுமே கேக்கல, அக்கா. அதான் பயமா இருக்கு."

நான்கு மணிக்குப் புவனேஷின் அறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். கனகாம்பிகை கதவை மூடச் சொன்னார். கால் மணி நேரம் பொதுவாகப் பேசினார். பிறகு திரையைத் திருப்பினார். கோடு என்றுமில்லாத உயரத்தில் இருந்தது.

திவ்யதர்ஷினிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இப்ப அங்க யாரு?"

"அங்க யாருமில்ல. இங்க நாலு பேரு இருக்கோம்" என்றார் கனகாம்பிகை. "தோட்டத்து ஆளுக்குச் சனிக்கிழமை லீவு ஏது? விடியுமுன்னே பால்மரம் சீவப் போயிடுவாங்க. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக மதிய இடைவேளை நீளுறது நம்ம ஆபீஸ்ல. அந்தப் பூட்டுல ரொம்ப நாளா சாவியே நுழையல. புவனேஷ், அலமாரியத் தொறங்க."

கோப்புகளுக்குப் பின்னால் கருவியின் பச்சை விளக்கு மின்னியது.

புவனேஷ் தலைகுனிந்தான். "போனேன் அக்கா. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்குற சத்தம். ஓடி வந்துட்டேன். அலமாரிக்குள்ள வச்சா கோடு ஏறாதுன்னு நெனச்சேன். ஏறினப்போ சொல்ல வெக்கமாப் போச்சு."

"லாலாங்குல நடந்து போனா யாருக்கும் மூச்சு வாங்கும். அங்க நீங்க கேட்டதும் உங்க மூச்சுதான். இங்க கோட்ட ஏத்தினதும் அதுதான்."

"எனக்கு நாளைக்கு வேலையே போகுது, உங்களுக்கு வெக்கமா?" என்றாள் திவ்யதர்ஷினி.

மறுநாள் குழுவின் முன் புவனேஷ் தானே எல்லாவற்றையும் சொன்னான். மறுபடி அளக்கத் திவ்யதர்ஷினிக்கு மூன்று மாதம் கிடைத்தது. அன்று மாலையே அவன் குளவி மண்ணைக் குத்தி உதிர்த்து, கருவியை உள்ளே மாட்டினான்.

திங்கள் காலை எட்டு மணி. கோடு எழவில்லை. ஒன்பதுக்கும் எழவில்லை.

"அப்பாடா!" என்றாள் மோகனா.

திவ்யதர்ஷினி திரையையே பார்த்தாள். அந்த வீட்டில் எத்தனை பேர் வாழ்ந்திருப்பார்கள்! பேய்கூட இல்லாத வீட்டின் கோடு, அசையாமல், திரையின் ஓரம்வரை நீண்டுகொண்டே போனது.